பையன் பாலே கற்கப் போகிறேன் என்கிறான்: சுங்கை சிப்புட் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒரு பெண் பிள்ளை பாலே வகுப்புக்குப் போகிறாள் என்றால் "நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பையன் போகிறான் என்றால் அங்கேயே நின்றுவிடுவார்கள். வகுப்பு வாசலிலும் சந்தையிலும் கோயில் அன்னதான வரிசையிலும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பரதத்தில் தொடங்கி, பாலேக்குப் போய், இப்போது இரண்டையும் சொல்லித்தருகிறவன். மருத்துவன் அல்லன். உடம்பைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் ஓர் ஆசிரியர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுதான்.

பாலே பெண்களுக்கான ஆட்டம்தானே?

பாலேயை ஒரு கலையாக ஒழுங்குபடுத்தியவர்கள் பிரெஞ்சு அரசவை ஆண்கள். மன்னர் பதினான்காம் லூயி தாமே ஆடியவர். 1661-இல் பாரிசில் நடனத்துக்கென ஓர் அரச கழகத்தை நிறுவினார். பாரிஸ் ஓபரா மேடையில் தொழில்முறைப் பெண் ஆட்டக்காரர்கள் ஏறியதே 1681-இல்தான். அதற்கு முன்பு பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரல்நுனியில் நின்றாடும் பெண்கள் முன்னால் வந்தார்கள், ஆண் பின்னால் நின்று தாங்கிப் பிடிக்கிறவனாகச் சுருங்கினான். அந்தக் காலத்துப் படங்களே இன்றும் நம் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிறகு ரஷ்யாவிலிருந்து நிஜின்ஸ்கி வந்தார், அவருக்குப் பின் நூரியேவும் பரிஷ்னிக்கோவும் வந்தார்கள். ஆண் மறுபடியும் மேடையின் நடுவுக்கு வந்தான்.

நம் பக்கம் பார்த்தாலும் இந்தக் கேள்வி எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. பரதத்துக்கு ஜதி சொல்லி வளர்த்த நட்டுவனார்கள் ஆண்கள். தைப்பூசத்தன்று காவடியைத் தோளில் ஏற்றி, உறுமி மேளத்துக்கு மணிக்கணக்கில் ஆடுகிற ஆணைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, வழிவிட்டுக் கும்பிடுகிறோம். ஆண் ஆடுவது நமக்குப் புதிதே அல்ல. இறுக்கமான கால்சட்டைதான் புதிது.

பாலே ஆடினால் பெண்தன்மை வந்துவிடுமா?

வராது. ஒரு பிள்ளையின் இயல்பை எந்த ஆட்டமும் உண்டாக்குவதில்லை, மாற்றுவதும் இல்லை. இந்தக் கேள்வியைப் பையனின் காதுபடக் கேட்காதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

ஆண் ஆட்டக்காரனுக்கு அப்படி என்ன பெரிய வேலை இருக்கிறது?

மூன்று வேலைகள்: குதிப்பது, சுழல்வது, தூக்குவது. மூன்றையும் மூச்சு வாங்குவது தெரியாமல் செய்ய வேண்டும்.

முதலில் குதிப்பு. பாலேயில் ஆணுக்கென்றே வைத்திருக்கும் ஒரு சோதனை உண்டு. நின்ற இடத்திலிருந்து நேராக மேலே எழும்பி, காற்றில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் ஒட்டினாற்போல் இறங்கி, அசையாமல் நிற்க வேண்டும். இதை 'டூர் ஆன் லேர்' என்பார்கள். மேலே எழும்புவது பாதிப் பாடம். இறங்குவதுதான் மீதிப் பாதி, உடம்பு விலை கொடுப்பதும் அங்கேதான். உயரக் குதித்து இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை கணுக்கால், முழங்கால், இடுப்பு வழியாக ஏறுகிறது. பாதத்தின் முன்பகுதி முதலில் தரையைத் தொட்டு, பிறகு குதிகால் இறங்கி, அதோடு முழங்கால் மடிந்தால்தான் அந்த விசை சிதறும். முழங்கால் மடியாமல் இறங்குகிறவன் சில ஆண்டுகளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

அடுத்து மூச்சு. ஓர் ஆணின் தனி ஆட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரைதான் இருக்கும். கேட்கச் சிறியது. அந்த நேரத்துக்குள் பெரும் பாய்ச்சல்கள், காற்றில் கால்களை அடித்துப் பிரிப்பது, ஒரு காலில் நின்று மறுகாலைப் பக்கவாட்டில் நீட்டியபடி அடுத்தடுத்துச் சுழல்வது எல்லாம் வந்துவிடும். இதயம் தன் உச்சத்தை நெருங்கித் துடிக்கும். தினசரி வகுப்பு மட்டும் இதற்கு உடம்பைத் தயார் செய்யாது. வகுப்பில் ஒரு பயிற்சிக்கும் அடுத்த பயிற்சிக்கும் நடுவில் நிற்கும் நேரம் அதிகம். அதனால் பெரிய குழுக்களில் இருப்பவர்கள் தனியாக ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள், எடை தூக்குகிறார்கள். ஆட்டக்காரன் எடை தூக்கினால் உடம்பு முறுக்கிக்கொள்ளும் என்று பழைய ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அதைக் கேட்டு நடந்த பலர் முதுகைக் கெடுத்துக்கொண்டார்கள்.

தூக்குவதைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள், கீழே சொல்கிறேன்.

கால்பந்தும் விளையாடுகிறான். இரண்டும் முடியுமா?

பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை தாராளமாக முடியும், நல்லதும்கூட. கியூபாவின் கார்லோஸ் அக்கோஸ்டா கால்பந்துக்காரனாக வேண்டும் என்று அலைந்தவர்தான். லோரி ஓட்டுநரான அப்பா, பையன் தெருவில் கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று பாலே பள்ளியில் தள்ளிவிட்டார். அந்தப் பையன் 1990-இல் இளம் பாலே ஆட்டக்காரர்களுக்கான லோசான் போட்டியில் தங்கம் வென்று, 1998-இல் லண்டன் ராயல் பாலேயில் சேர்ந்து, 2020-இல் பர்மிங்காம் ராயல் பாலேயின் இயக்குநரானார். ஆனால் தேர்வோ மேடையோ நெருங்கும் மாதத்தில் திடலுக்குப் போனால் கணுக்கால் பிசகித் திரும்புவான். அந்த ஒரு மாதம் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்.

பரதம் கற்றிருக்கிறான். அது உதவுமா, இடைஞ்சலா?

இரண்டும்தான். முழங்கால்களை மடித்து இரு பக்கமும் விரித்து நிற்கும் அரைமண்டியில் பழகிய பையனுக்கு இடுப்பிலிருந்து தொடையை வெளிப்பக்கம் திருப்பத் தெரிந்திருக்கும். பாலேயின் அடிப்படையும் அதுவே. தாளம் பழகியவன் எட்டு எட்டாக எண்ணும் பியானோ இசையில் தடுமாற மாட்டான். ஆதி தாளத்தில் வளர்ந்த பையனை நிறுத்தி நிறுத்தி எண்ணச் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் எடை இறங்கும் திசையில் வருகிறது. பரதத்தில் பாதம் தட்டையாகத் தரையைத் தட்டும், உடம்பு தாழ்ந்தே நிற்கும். பாலேயில் முழங்கால் நிமிர்ந்து, பாதம் நுனிவரை நீண்டு, எடை மேலே இழுக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையில் மாறிமாறிப் போகும் பிள்ளைகள் முதல் ஓராண்டு இரு வகுப்பிலும் திட்டு வாங்குவார்கள். பிறகு சரியாகிவிடும்.

எந்த ஆட்டமானாலும் பாதத்தை மட்டும் வலிந்து வெளியே திருப்பக் கூடாது. இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் பாதமும் திரும்ப வேண்டும். பாதத்தைத் தரையில் ஊன்றிவைத்து முழங்காலை முறுக்கிக் கோணத்தைக் கூட்டிக் காட்டுகிற பையனைக் கண்டால் நான் கைதட்டுவதில்லை.

எந்த வயதில் தொடங்க வேண்டும்? பதினான்கு வயதாகிவிட்டதே?

ஏழு, எட்டு வயது நல்லது. பையன்களில் பலர் அதைவிடத் தாமதமாகத்தான் வருகிறார்கள், உலகம் முழுவதும் இதே கதைதான். நூரியேவ் லெனின்கிராட் பள்ளியில் முறையான பயிற்சிக்குச் சேர்ந்தது 1955-இல், பதினேழு வயதில். அதற்கு முன் சொந்த ஊரில் ஆடிப் பழகியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மும்பையில் வெல்டர் ஒருவரின் மகனான அமிருதீன் ஷா, பதின்ம வயதில் பாலேயைத் தொட்டு 2017-இல் லண்டன் ராயல் பாலே பள்ளிக்குப் போனார். இவையெல்லாம் விதிவிலக்குகள். பதினான்கு வயதில் வருகிற உங்கள் மகனால் நன்றாக ஆட முடியும். உடல் வலுவாகும், மேடை பழகும். தொழிலாக வருமா என்று முதல் வாரமே கேட்டால் பதில் கிடையாது.

திடீரென வளர்ந்துவிட்டான். போன ஆண்டு செய்ததைக்கூட இப்போது செய்ய முடியவில்லை. சோம்பலா?

சோம்பல் இல்லை. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் பையன்களுக்கு வரும் வளர்ச்சி வேகத்தில் எலும்பு முன்னே ஓட, தசையும் நரம்பும் பின்னால் வருகின்றன. நேற்று தலையைத் தொட்ட கால் இன்று இடுப்புக்கு மேல் போகாது. சுழலும்போது கையும் காலும் யாரோ ஒருவருடையவை போல வீசும். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது, குதிகாலின் பின்புறம் வலிப்பது இரண்டும் இந்த வயதில் அடிக்கடி வருபவை. தசைநார்கள் வளரும் எலும்பைப் பிடித்திழுப்பதால் வருகிற வலி அது. குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் தணியும்.

வகுப்பை நிறுத்த வேண்டாம். குதிப்பைப் பாதியாக்கி, நீட்டிப் பழகுவதில் அவசரம் காட்டாமல், கம்பியைப் பிடித்துச் செய்யும் பயிற்சிகளை நிதானமாகச் செய்யட்டும். பையன்கள் அதிகம் விலகிப்போகும் பருவம் இதுதான். உடல் ஒத்துழைக்கவில்லை என்பதைத் தனக்குத் திறமையில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் அதே வயதுப் பையன் இன்னொருவன் தடுமாறிக்கொண்டிருந்தால் இது எல்லாருக்கும் வருவது என்று புரிந்திருக்கும். ஆனால் வகுப்பில் இவன் ஒருவன்தான் பையன். அவன் வயதுப் பெண்களுக்கோ பெரும்பாலும் அந்த வளர்ச்சி இரண்டு ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும்.

பெண் பிள்ளைகளைத் தூக்க வேண்டுமாமே?

ஆம், ஒரு கட்டத்தில். எப்போது என்பதில்தான் நம் ஊர் வகுப்புகள் தவறு செய்கின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தூக்குவது கை வேலை என்று பலர் நினைக்கிறார்கள். செம்பனைக் குலையை லோரியில் ஏற்றும் அண்ணன்களைப் பாருங்கள்: முதுகு நேராக இருக்கும், முழங்கால் மடியும், வேலையைத் தொடை செய்யும். பாலேயிலும் அதே கணக்குத்தான், குலை தானாகக் குதிக்காது என்பது ஒன்றே வேறுபாடு. பெண் முழங்காலை மடித்து எழும்பும் நொடியும் ஆணின் கால்கள் நிமிரும் நொடியும் ஒன்றாக இருந்தால் பாதிப் பாரத்தை அவளே சுமந்துவிடுவாள். அந்த நொடி தவறினால் முழு எடையும் அவனுடைய கீழ்முதுகில் விழும். தலைக்கு மேல் தூக்கியபின் பின்னால் வளைந்து சமாளிக்கிற பழக்கம் வந்துவிட்டால், கீழ்முதுகெலும்பில் சிறு முறிவு வரும் ஆபத்து உண்டு. வளர்ந்துகொண்டிருக்கும் பையனுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பெரிய பள்ளிகளில் பத்துப் பையன்கள் இருப்பார்கள். இணை ஆட்டத்தைப் படிப்படியாகத் தொடங்குவார்கள்: முதலில் அவள் சுழலும்போது இடுப்பருகே கையை வைத்து நிலைநிறுத்தப் பழகுவது, பிறகு சிறு குதிப்புக்குத் துணை நிற்பது, உடல் முதிர்ந்த பிறகே தலைக்கு மேல் தூக்குவது. சிற்றூர் வகுப்பில் இருப்பது ஒரே பையன். ஆண்டு விழாவில் எல்லாப் பெண் பிள்ளைகளின் பெற்றோரும் தங்கள் மகளும் தூக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறார்கள். பதினான்கு வயதுப் பையன் ஒரே மாலையில் ஐந்து பேரைத் தூக்குகிறான், ஒத்திகையில் ஒவ்வொருவரையும் பத்து முறை. அவனும் பெருமைக்காக மறுக்க மாட்டான். அவன் சார்பில் மறுக்க வேண்டியவர்கள் நீங்கள். "உடல் வளர்ந்து முடியும்வரை தலைக்கு மேல் தூக்க வேண்டாம்" என்று ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற ஆசிரியரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

தொடுவது பற்றியும் கேட்கிறீர்கள், நேராகக் கேட்க முடியாமல் சுற்றி வளைத்து. எங்கே கை வைக்க வேண்டும், ஏன் என்பதை இருவருக்கும் வாயால் சொல்லிக் காட்டிய பிறகே தொட வேண்டும். இருவரில் யார் "வேண்டாம்" என்றாலும் அன்றைக்கு அது இல்லை. பிள்ளையின் உடலைத் தொட்டுத் திருத்தும் ஆசிரியருக்கும் இதே விதிதான். கதவு திறந்திருக்கட்டும், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஒருவர் தன் எடையை நம்பி ஒப்படைக்கிறார் என்பதைப் பதினைந்து வயதில் கற்றுக்கொள்கிற பையன் பெண்களிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று கவனியுங்கள். எனக்குத் தெரிந்தவரை நம் பையன்களுக்கு அந்தப் பாடம் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதில்லை.

வீட்டிலோ தோட்டத்துப் பொதுமண்டபத்திலோ பயிற்சி செய்யலாமா?

கம்பியைப் பிடித்துச் செய்வதைச் செய்யலாம். நாற்காலி முதுகு போதும். குதிக்க வேண்டாம். நம் பாலாய் ராயாக்களின் தரை சிமெண்டின் மேல் ஒட்டிய ஓடு. முறையான நடனத் தரை, அடியில் இடைவெளி விட்டுப் பலகை அடித்து, எடையை வாங்கித் திருப்பித் தருமாறு அமைக்கப்பட்டிருக்கும். சிமெண்ட் எதையும் வாங்கிக்கொள்ளாது. முன்னங்கால் எலும்பில் வரும் தீராத வலிக்குப் பெரும்பாலும் இதுதான் தொடக்கம்.

எந்த வலி சாதாரணம், எதற்குப் பயப்பட வேண்டும்?

தசை முழுவதும் பரவி, இரண்டு மூன்று நாளில் தணிவது உழைப்பின் வலி. எலும்பின் மேல் ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, பின்னால் வளையும்போது கீழ்முதுகின் ஒரு பக்கம் குத்தும் வலி, வீங்கிப்போய் எடை தாங்காத மூட்டு ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இங்குள்ள அரசு மருத்துவமனையில் காட்டி, தேவையென்றால் ஈப்போவுக்குப் போங்கள்.

ஒரு சங்கடமான விஷயம். நம்மவர்கள் முதலில் ஓடுவது எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறவரிடம். அசதிக்கு அது சுகம், நானும் போகிறவன்தான். எலும்பில் கீறல் இருக்கக்கூடும் என்ற ஐயம் வரும் இடத்தை மட்டும் யாரையும் தொட விடாதீர்கள்.

பையன்கள் வலியை மறைப்பார்கள். ஆண் பிள்ளை அழக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருப்போம். மேடையில் வலியை முகத்தில் காட்டக் கூடாது என்று நாங்கள் சொல்லியிருப்போம். இரண்டும் சேர்ந்தால், முறிந்த காலோடு ஆண்டு விழா ஆடுகிற பிள்ளை உருவாகிவிடுவான். "வலிக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள்.

என்ன சாப்பிட வேண்டும்? விரதம் இருக்கலாமா?

தனி உணவு எதுவும் வேண்டாம். சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை, தயிர் எல்லாம் நல்லவை. நெத்திலிக் கருவாட்டில் சுண்ணாம்புச் சத்து உண்டு. வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பு வயிறு நிறையச் சாப்பிட்டு, முடிந்தவுடன் ஒரு முட்டையும் வாழைப்பழமுமாவது உள்ளே போனால் போதும். நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தண்ணீரை முழுநாளும் குடிக்க வேண்டும். தே தாரிக் தண்ணீர்க் கணக்கில் சேராது.

ஒல்லியாக இருக்க வேண்டும் என்ற அழுத்தம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை. பையனுக்கு இரட்டைச் சிக்கல். பாய்வதற்கு உடம்பு இலேசாக இருக்க வேண்டும், தூக்குவதற்கு வலுவாக இருக்க வேண்டும். கண்ணாடிக்கு முன் நின்று இரண்டையும் ஒரே நேரத்தில் விரும்புகிறவன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டுவான். செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் எலும்பு மெலியும், காயம் ஆறாது, மனம் மந்தமாகும், வளர்ச்சியும் தடைப்படும். தட்டில் மிச்சம் வைக்கத் தொடங்கினாலோ, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்தாலோ கவனியுங்கள்.

காவடிக்கு ஒருவேளை உணவோடு 48 நாள் விரதம் இருக்கும் வீடுகள் இங்கே பல. வேண்டுதலில் நான் தலையிட மாட்டேன். அந்த நாட்களில் குதிப்பும் தூக்குவதும் இல்லை, இலேசான பயிற்சி மட்டும் என்று முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டையும் முழுதாகச் செய்வேன் என்று பையன் சவால் விட்டால், வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு பெரியவர்களுடையது.

பள்ளியில் கேலி செய்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பாலேயில் பையனுக்கு மிகக் கடினமானது எது என்று என்னைக் கேட்டால் குதிப்பையோ தூக்குவதையோ சொல்ல மாட்டேன். தனியாக இருப்பதைத்தான் சொல்வேன்.

உடைமாற்றும் அறையில் அவன் தனி. சில ஊர்களில் அவனுக்கென்று அறையே இருக்காது, துடைப்பமும் வாளியும் வைத்திருக்கும் இடத்தில் உடை மாற்றுவான். ஆசிரியை பெரும்பாலும் பெண். அவர் காட்டும் குதிப்பு பெண்ணின் குதிப்பு. ஆண் எப்படிக் கையை வைக்க வேண்டும், எப்படி நடந்து வந்து வணங்க வேண்டும் என்பதை அவன் கைப்பேசித் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். பள்ளிக்குப் போனால் 'பொண்டான்' என்று, பெண்தன்மை உள்ளவன் எனப் பழிக்கும் மலாய்ச் சொல் ஒன்று, தமிழில் அதைவிட மோசமாக இரண்டு. வகுப்பில் பேசப் பையன் இல்லை, பள்ளியில் பேசப் பாலே தெரிந்தவர் இல்லை.

கேலிக்குப் பதிலாக ஒரு குதி குதித்துக் காட்டு என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். வேண்டாம். தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய பிள்ளை சீக்கிரம் களைத்துப்போவான். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் "பாலே வகுப்புக்கு" என்று ஒளிக்காமல் சொல்லப் பழகட்டும். ஒளிப்பதை மோப்பம் பிடித்துத்தான் கேலி வருகிறது. கேலி அடியாகவோ, தொடர்ந்த மிரட்டலாகவோ மாறினால் அது பிள்ளை சமாளிக்க வேண்டிய விஷயமல்ல. நீங்களே போய் வகுப்பாசிரியரையும் கட்டொழுங்கு ஆசிரியரையும் பாருங்கள்.

வீட்டிலும் ஒரு கேலி உண்டு. சிரித்துக்கொண்டே "எங்கள் நாட்டியக்காரி வந்துவிட்டாள்" என்கிற மாமாவை அங்கேயே நிறுத்துங்கள். பள்ளிக்கூடத்துக் கேலியை மறந்துவிடுகிற பையன்கள்கூட மாமா சொன்னதை இருபது ஆண்டு கழித்தும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

எப்போதும் இவனுக்கே முக்கிய வேடம் தருகிறார்கள். நல்லதுதானே?

முழுக்க நல்லது என்று சொல்ல முடியாது. ஒரே பையன் என்பதால் இளவரசன் வேடம் ஆண்டுதோறும் அவனைத் தேடி வருகிறது. கட்டணத்தில் சலுகை தருகிறார்கள். பெண் பிள்ளைகள் ஒவ்வோர் இடத்துக்கும் போட்டியிட்டு, தோற்று, மறுபடி வந்து பழகும் நேரத்தில் இவன் போட்டியையே பார்த்திருக்க மாட்டான். கால் நீளாவிட்டாலும் "பையன்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். பதினாறு வயதில் கோலாலம்பூரில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போகிறான். அங்கே தன்னைவிட நன்றாக ஆடும் பையன்கள் ஐந்து பேர் நிற்கிறார்கள். அன்று இரவு தொலைபேசியில் அழுகிறான், அல்லது அழாமல் திரும்பி வந்து வகுப்பை விட்டுவிடுகிறான்.

இதற்கு என்னிடம் இருக்கும் மருந்து ஒன்றே: சீக்கிரமே மற்றப் பையன்களைப் பார்க்க வைப்பது. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்த வகுப்புகளுக்குக் கூட்டிப்போங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தரும் அதே கண்டிப்பை இவனுக்கும் தரச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனையும் சேர்த்து அனுப்ப முடிந்தால் எல்லாவற்றையும்விட நல்லது. இரண்டாவது பையன் வந்த நாளிலிருந்து முதல் பையனின் குதிப்பு உயர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மனம் சோர்ந்திருக்கிறான் என்று எப்படித் தெரியும்?

திருத்தம் கேட்டு முகம் வாடுவது இயல்பு. பாலே வகுப்பு என்பது ஒன்றரை மணி நேரம் கண்ணாடிக்கு முன் நின்று, செய்தவற்றில் எது சரியில்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பது. ஆனால் வகுப்பு நாளன்று மட்டும் வயிற்றுவலி வருவது, தூக்கம் கெடுவது, ஒரு சிறு பிழைக்காக நாள் முழுவதும் தன்னையே திட்டிக்கொள்வது போன்றவை வாரக்கணக்கில் நீடித்தால் ஓய்வு கொடுங்கள், மருத்துவரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ பேசுங்கள்.

காயம்பட்டு உட்கார்ந்திருக்கும் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஆடுவதைத் தவிர வேறு அடையாளம் இல்லாத பையனுக்கு ஆறு வாரம் ஆடாமல் இருப்பது தான் யார் என்றே தெரியாமல் இருப்பது. அந்த நாட்களிலும் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், தாளம் எண்ணட்டும், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

உடைக்கும் கட்டணத்துக்கும் எவ்வளவு ஆகும்?

வகுப்புக்கு வகுப்பு மாறும் என்பதால் தொகை சொல்லவில்லை. மாதக் கட்டணம் தவிர, லண்டனில் 1920-இல் தொடங்கப்பட்ட ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் நடத்தும் நிலைத் தேர்வுகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஒரு நிம்மதி: பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் வரும் விரல்நுனிக் காலணிச் செலவு பையன்களுக்குப் பெரும்பாலும் இல்லை. சாதாரண மெல்லிய துணிக்காலணி போதும். பதினொன்று, பன்னிரண்டு வயதிலிருந்து உள்ளே அணிய நடனத்துக்கென்றே தைத்த ஆண்கள் இறுக்க உள்ளாடை ஒன்று வேண்டும். இதைப் பையன் வெட்கப்பட்டுக் கேட்க மாட்டான், நீங்களே வாங்கிவிடுங்கள்.

எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பிறகு இதில் பிழைக்க முடியுமா?

மலேசியாவில் பாலேயை மட்டும் நம்பி மாதச் சம்பளம் வாங்குவது மிகக் கடினம். ஆடியபடியே சொல்லிக்கொடுப்பது, பிற நடனங்களையும் ஆடுவது, மேடை வேலைகள் பார்ப்பது என்று சேர்த்துத்தான் பிழைக்க வேண்டும். கோலாலம்பூரிலுள்ள அஸ்வாரா கலைக்கழகத்தில் நடனத்தில் டிப்ளோமாவும் பட்டமும் படிக்கலாம். நம் நாட்டிலேயே பெரிய சான்று ரம்லி இப்ராஹிம். காஜாங்கில் பிறந்தவர், ஆஸ்திரேலியாவில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டே பாலே கற்று, சிட்னி டான்ஸ் கம்பெனியில் ஆடினார். பிறகு பரதமும் ஒடிசியும் கற்று 1983-இல் சூத்ரா நடனக் குழுவை நிறுவினார். 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. அவர் பொறியியல் பட்டத்தை முடித்தார் என்பதைப் பெற்றோரைவிடப் பையன்களிடம்தான் நான் அதிகம் சொல்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். இது குறுகிய காலத் தொழில். பாரிஸ் ஓபரா பாலேயில் ஆட்டக்காரர்கள் ஓய்வுபெறும் வயது 42. பலர் அதற்கு முன்பே முழங்காலோ முதுகோ சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எஸ்.பி.எம். ஆண்டில் வகுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். அடியோடு நிறுத்திவிட்டு ஓராண்டு கழித்து வருகிறவன் மறுபடி அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எனக்குச் சம்மதம்தான். அவன் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

வாதாட வேண்டாம், அப்பாவை ஒரு முறை வகுப்புக்கு அனுப்புங்கள். தொடக்கத்துக்கு வர வேண்டாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை மடக்குவதைப் பார்த்தால் இதற்கா பணம் என்பார். கடைசி இருபது நிமிடத்துக்கு வரச் சொல்லுங்கள். பெரிய குதிப்புகள் அப்போதுதான் வரும். வேலை முடிந்து அதே உடையோடு வந்தாலும் சரி. கண்ணாடி இல்லாத பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.